கேக் கடைப் படத்தின் கடைசிப் பார்வை

மூச்சை ஒரு தடவை இழுத்து விடுகிற நேரம்தான் இருந்தது. அந்த நேரத்துக்குள் என்ன சொல்வது என்பது சின்னவளுக்குப் பிடிபடவே இல்லை.

திரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கேக் கடைக்காரன். மறுபக்கம், அந்தக் கடையை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட வந்த நிறுவனத்தின் அதிகாரி. வந்த இடத்தில் கேக் தின்று மனம் மாறியவள். "போகாதே" என்கிறான் அவன். "போவதற்காக நான் வரவில்லை" என்கிறாள் அவள். பிறகு ஒரு பார்வை. அதன் பிறகு வயலின், குடைக்குப் பின்னால் முத்தம், பெயர்ப்பட்டியல். நடுவில் இருக்கிற அந்தப் பார்வைக்கு ஒரு வரி எழுத வேண்டும். படத்தின் மற்ற வரிகளெல்லாம் எழுதி முடிந்து, இது மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது.

சின்னவளின் வேலையை ஒருமுறை சொன்னால் யாருக்கும் விளங்குவதில்லை. ஆகவே நிதானமாகவே சொல்லிவிடலாம். ஓடிடியில் வரும் படங்களைப் பார்வை இல்லாதவர்களும் பார்க்கிறார்கள். 'பார்க்கிறோம்' என்றுதான் அவர்களே சொல்வார்கள். அவர்களுக்காகப் படத்தோடு இன்னொரு குரலும் ஓடும். திரையில் யாரும் பேசாத இடைவெளி எங்கே வருகிறதோ அங்கே அந்தக் குரல் நுழையும், நடப்பதைச் சொல்லும், அடுத்த வசனம் வருவதற்குள் வெளியேறிவிடும். ஓடுகிற பேருந்தில் தொற்றிக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்குள் இறங்குவது மாதிரி. அந்தக் குரல் பேச வேண்டியதை எழுதித் தருவது சின்னவள்.

அதற்குச் சில விதிகள் உண்டு. தலையாய விதி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்வது. 'அவன் வருந்துகிறான்' என்று எழுதக் கூடாது. 'அவன் தலை குனிகிறான்' என்று எழுதலாம். குனிந்த தலைக்குள் வருத்தம் இருக்கிறதா, கழுத்து வலி இருக்கிறதா என்பதைக் கேட்பவர் கண்டுபிடித்துக்கொள்வார். அது அவருடைய சந்தோஷம்; அதைப் பிடுங்கக் கூடாது. சின்னவளுக்கு இந்த விதியின்மேல் கொள்ளைப் பிரியம். ஒரு முகத்தை அதன் அர்த்தத்தைத் தொடாமல் சொல்வது, முட்டையை உடைக்காமல் கைமாற்றுவது போல அவளுக்குப் பிடித்த வித்தை.

ஆனால் கொஞ்ச காலமாக அவள் பங்குக்கு வந்ததெல்லாம் காதல் நகைச்சுவைப் படங்கள்தான். புது மொந்தையில் பழைய கள். ஊர் மாறும், கடை மாறும். கேக் கடை பூக்கடையாகும், பூக்கடை புத்தகக் கடையாகும். முட்டிக்கொள்வார்கள், மழை பெய்யும், சேர்ந்துகொள்வார்கள். இவற்றில் இடைவெளியே இருக்காது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. துணி மடித்துக்கொண்டும் கைபேசியைத் தேய்த்துக்கொண்டும் பார்ப்பவர்களுக்காக எடுக்கப்படுகிற படங்கள் இவை. நிமிர்ந்தே பார்க்காதவருக்கும் கதை புரிந்தாக வேண்டும். அதனால் எல்லோரும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்வார்கள். "எனக்கு இப்போது கோபம் வருகிறது" என்று அறிவித்துவிட்டுக் கதவைச் சாத்துவாள் கதாநாயகி. கண் இருந்தும் பார்க்காதவர்களுக்கு எழுதிய வசனம் சின்னவளின் வேலையில் பாதியைத் தின்றுவிடும்.

கேக் கடைப் படத்தில் வாய் ஓய்ந்த இடம் என்று உருப்படியாக இருந்தது இந்த ஒன்றுதான். அதுவும் உச்சக்காட்சியில்.

முதலில் 'இருவரும் ஒருவரையொருவர் காதலுடன் பார்க்கிறார்கள்' என்று எழுதி அனுப்பினாள். அவசரம், வேறொன்றும் இல்லை. அவள் வரிகளைச் சரிபார்க்கும் மேலாளர், எந்த மின்னஞ்சலையும் 'ஒரு சின்னத் திருத்தம்' என்று தொடங்குவார். அதனால் வீட்டில் அவருக்குப் பெயரே சின்னத்திருத்தம். 'ஒரு சின்னத் திருத்தம். காதல் தெரியவில்லை. தெரிவதை எழுதவும்' என்று பதில் வந்தது. விதி அவள் விதிதான். வாயை மூடிக்கொண்டு 'ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்' என்று மாற்றினாள். உச்சக்காட்சிக்கு இது தட்டையாக இருக்கிறதாம். சரி, ஒன்றும் வேண்டாம் என்று இடைவெளியைக் காலியாகவே விட்டாள். காலியாக விட்டால் கேட்பவர்கள் ஒலித்தடம் அறுந்துபோனதாக நினைப்பார்களாம். மூன்றும் நியாயமான திருத்தங்கள். அதுதான் எரிச்சல்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவனுடைய கண்களையும் அவளுடைய கண்களையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அழகான கண்கள். திறந்திருந்தன. அவ்வளவுதான்.

"இன்னும் அந்தக் கேக்கைத்தான் மென்னுக்கிட்டு இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே பெரியவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெரியவள் அக்கா. கல்லூரி முடிக்கிற வயதில் பார்வை மங்கத் தொடங்கி, வேலைக்குச் சேருகிற வயதில் முழுக்கப் போய்விட்டது. துணி துவைக்கும் இயந்திரம் விற்கும் நிறுவனத்தில் தொலைபேசிப் பிரிவில் இருக்கிறாள். "மெஷின் ஒரு மாதிரி கத்துதுங்க" என்று யாராவது அழைத்தால், "போனை மெஷின் பக்கத்துல வைங்க" என்பாள்; கேட்டுவிட்டு, "அது மெஷின் இல்லைங்க, உங்க சட்டைப் பையில இருந்த சில்லறை" என்பாள். சின்னவள் எழுதுகிற எல்லா வரிகளுக்கும் முதல் காது அவள்தான். அக்காவும் தங்கையும் சேர்ந்து இருக்கும் அந்த வீட்டில் கணினி மேசைக்கு இரண்டு நாற்காலிகள் இருப்பதற்குக் காரணம் அதுவே.

"நீ கேளு. என்னமோ இடிக்குது. எதுன்னு தெரியலை."

பெரியவள் காட்சியைக் கேட்டாள். இன்னொரு முறை போடச் சொன்னாள். தலையைச் சாய்த்தாள்.

"இவங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துல நிக்கலையே?"

"எதிரெதிரே நிக்கிறாங்கக்கா. நான் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்?"

"மழை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், அது அப்புறமா மேல ஊத்தின சத்தம். குரலுக்குப் பின்னால கேளு. அவன் பேசினா சத்தம் சுவத்துல இடிச்சுத் திரும்புது. அவ பேசினா போயிட்டே இருக்கு. அவன் ரூமுக்குள்ள, அவ வெளியில."

சின்னவள் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு கேட்டாள். சொன்ன பிறகு கேட்டது, சொல்லும்வரை கேட்கவில்லை. மறுபடி கண்களைப் பார்த்தாள். ஆமாம், இருவரும் ஒரே சட்டகத்தில் எங்குமே இல்லை. அவன் முகம் தனி, அவள் முகம் தனி. முத்தமோ குடைக்குப் பின்னால். அது யாருடைய முதுகோ. இப்படித்தான் எடுப்பார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். இரண்டு நடிகர்களின் தேதிகளும் ஒத்துவராவிட்டால், ஒருவரை மட்டும் நிற்கவைத்து, எதிரே ஒரு கம்பத்தில் மற்றவரின் கண் இருக்க வேண்டிய உயரத்தில் ஒட்டுநாடாவைச் சிலுவையாக ஒட்டி, "இதுதான் உங்க காதலி, பாருங்க" என்பார்கள். இங்கே சிலுவையைச் சற்று உயரத்தில் ஒட்டிவிட்டார்கள். கேக் கடைக்காரன் உருகி உருகிப் பார்த்தது காதலியின் உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் சின்னவள் கை தட்டினாள். பிறகு தட்டுவதை நிறுத்தினாள். நோய் தெரிந்துவிட்டது, மருந்து தெரியவில்லை. 'அவன் ஒட்டுநாடாவைப் பார்க்கிறான்' என்றா எழுத முடியும்? நாடா திரையில் தெரியவில்லையே.

"சரி, அதை விடு," என்றாள் பெரியவள். "எனக்கு ஒரு வேலை செய்யணும் நீ. ஞாயித்துக்கிழமை அவர் சாப்பிட வர்றார்ல?"

அவர் என்றால் குரல்காரர். சின்னவள் எழுதும் வரிகளைப் படித்துப் பதிவு செய்பவர்; வேறு ஊரில், வீட்டிலேயே சத்தம் புகாத பதிவுப் பெட்டி ஒன்றைப் போட்டு அதற்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். ஒரு நாள் ஏதோ சந்தேகம் கேட்க அழைத்தபோது சின்னவள் குளித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் எடுத்தாள். அன்று தொடங்கிய பேச்சு தினமும் மாலையில் தொடர்ந்து, இப்போது ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது. தன்னோடு வந்துவிடச் சொல்கிறார். அவர் குடியிருக்கும் கட்டடத்திலேயே பெரிய வீடு ஒன்று காலியாகிறது. எடுத்துக்கொள்கிறாரா இல்லையா என்று வீட்டு உரிமையாளரிடம் திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் பெரியவள் குரல்காரரிடம் சொல்லியாக வேண்டும்.

"என்ன வேலை? இப்பவே அத்தான்னு கூப்பிட்டுப் பழகிக்கவா?"

"வாயைப் பாரு. அவர் என்னை எப்படிப் பார்க்கிறார்னு பார்த்துச் சொல்லணும்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் போய்விட்டது.

"உனக்குத்தான் காது இருக்கே. குரலை வெச்சே ஆளை எடை போட்டுடுவியே."

"மத்தவங்கன்னா போட்டுடுவேன். இவருக்குக் குரல்தானே பொழைப்பு? உனக்கே தெரியும். கடன் வேணுமான்னு கேட்டாலும் அதே குழைவு, காது குடையற குச்சிய விளம்பரம் பண்ணினாலும் அதே குழைவு. எங்கிட்ட பேசறதும் அதேதான். அது உண்மையா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதுவும் எப்பவும் அந்தப் பதிவுப் பெட்டிக்குள்ள இருந்துதான் பேசறார். பின்னால ஒரு பாத்திரச் சத்தம் கிடையாது, கதவுச் சத்தம் கிடையாது. எந்த ரூம்லயும் இல்லாத ஆள்கிட்ட பேசற மாதிரி இருக்குடி. ஊர் உலகத்துக்கெல்லாம் யார் யாரை எப்படிப் பார்த்தாங்கன்னு எழுதறே. எனக்கு ஒரு தடவை சொல்ல மாட்டியா?"

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அக்கா கேட்டது நியாயம். ஆனால் சின்னவளுக்குத் தன் கண்மேலேயே நம்பிக்கை இல்லை. அக்கா போய்விட்டால் இந்த இரண்டாவது நாற்காலியில் யார்? அக்காவைப் பிடித்துவைக்க ஆசைப்படுகிற கண், குரல்காரரைச் சரியாகப் பார்க்குமா? அந்த ஆசைக்கு வெட்கப்பட்டு, வேண்டுமென்றே அவருக்கு அதிக மதிப்பெண் போட்டுவிடுமோ? இரண்டில் எது நடந்தாலும் வாழப்போவது அக்கா. சின்னவள் தன் விதியைப் பிடித்துக்கொண்டாள். தெரிவதை மட்டும் சொல்வேன், அர்த்தம் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குரல்காரர் ஒரு பழக்கூடையோடு வந்தார். கட்டையான, நேர்த்தியாகச் சவரம் செய்த மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "உங்க வீட்டுப் படிக்கட்டு நல்லா எதிரொலிக்குதுங்க" என்றார். பெரியவள் சிரித்தாள். பெட்டிக்கு வெளியே கேட்டபோதும் அது அதே குரல்தான். தேன் பாட்டிலைக் கவிழ்த்தது மாதிரி.

சாப்பாட்டு மேசையில் அக்காவும் அவரும் எதிரெதிரே. சின்னவள் பக்கவாட்டில், அவர் கண் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். சூப்பை அடுப்பிலிருந்து அப்படியே இறக்கி ஊற்றினாள்; நேரத்தை வீணாக்க மனமில்லை. பிறகு பார்க்கத் தொடங்கினாள்.

அவர் ஒரு பழைய பதிவுக் கதையைச் சொன்னார். யானையைப் பற்றிய ஆவணப்படத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அவருடைய வயிறு உறுமியதாம். அதை எல்லோரும் யானையின் ஒலி என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார்களாம். நல்ல கதை. சொல்லும்போது அவர் கண் அக்காவின் தலைக்கு மேலே சுவரில் நின்றது. சுவரில் ஒன்றுமில்லை, எப்போதோ படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. சின்னவளுக்குக் கேக் கடைக்காரன் நினைவு வந்தது. உடனே தன்னைத் தானே அடக்கிக்கொண்டாள். பதிவுப் பெட்டிக்குள் அவர் படிக்கும் திரை அந்த உயரத்தில் இருக்கும்; பழக்கமாக இருக்கலாம். கூச்சமாகவும் இருக்கலாம். தெரிவதை மட்டும் பார்.

"கொஞ்சம் தண்ணி," என்றாள் பெரியவள்.

சின்னவள் கண்ணை எடுக்காமலே கண்ணாடிக் குவளையை அவள் பக்கம் நகர்த்தினாள். அவர் கண் ஆணியிலிருந்து இறங்கிச் சூப்புக்குப் போனது. ரொட்டிக்குப் போனது. மறுபடி ஆணி.

"இன்னும் கொஞ்சம் தண்ணி."

குவளையை நிரப்பினாள். இப்போது அவர் கண் அக்காவின் பக்கம் திரும்பியது. திரும்பிய அதே நொடியில் இவளுடைய கண்ணைச் சந்தித்துவிட்டு, திருடன் கையும் களவுமாக அகப்பட்டது போலச் சட்டென்று தட்டுக்கு ஓடியது. பார்வையைப் பார்க்கப் போய் பார்வையைக் கலைத்துவிட்டோமே என்று சின்னவள் உள்ளுக்குள் நொந்துகொண்டாள். அதன் பிறகு அவர் ஜாக்கிரதையாகிவிட்டார். பழம் நறுக்கினார், வானிலை பேசினார், தட்டுகளை எடுத்துவைக்க எழுந்தார். விடைபெறும்போது அக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "ராத்திரிக்குள்ள சொன்னீங்கன்னா போதும். அவசரமே இல்லை" என்றார், அவசரமே இல்லாத குரலில்.

கதவு சாத்தியதும் பெரியவள் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் வந்து நின்றாள்.

"சொல்லு."

சின்னவள் சொன்னாள். எழுதுகிற மாதிரியே சொன்னாள். நிகழ்காலத்தில், அர்த்தம் சேர்க்காமல். அவர் பேசுகிறார். அவர் கண் உன் தலைக்கு மேலே ஆணியில் இருக்கிறது. சூப்பைப் பார்க்கிறார். ரொட்டியை இரண்டாகக் கிழிக்கிறார். உன் பக்கம் திரும்புகிறார், என்னைப் பார்க்கிறார், கண்ணைத் தாழ்த்துகிறார். ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு சுத்தமாக அவள் எந்தப் படத்துக்கும் எழுதியதில்லை.

பெரியவள் கேட்டு முடித்தாள். "ம். நான்?"

"நீ என்ன?"

"பார்க்கிறதுன்னா ரெண்டு மூஞ்சி வேணுமே. அவர் மூஞ்சியைச் சொல்லிட்டே. என் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

சின்னவளின் கையில் சோப்பு நுரை வழிந்தது. யோசித்தாள். எங்கே போய் யோசிப்பது? அந்த மேசையின் அந்தப் பக்கத்தில் அவள் கண் போகவே இல்லை.

"எப்பவும் போலத்தான்க்கா. சிரிச்ச மூஞ்சி."

பெரியவள் நாக்கை நீட்டினாள். நடு நாக்கில் வெள்ளையாக ஒரு கொப்புளம் பூத்திருந்தது.

"முதல் கரண்டியே. அடுப்பிலேருந்து அப்படியே இறக்கியிருக்கே. கண்ணுல தண்ணி கொட்டுது எனக்கு. துடைக்கிறேன், மறுபடி கொட்டுது. ரெண்டு தடவை தண்ணி கேட்டேன். குவளை மட்டும் நகர்ந்து வந்துச்சு."

"ஏன்க்கா சொல்லலை?"

"சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். அப்புறம் சரி, யாராவது ஒருத்தர் பார்க்கறாங்களான்னு பார்ப்போமேன்னு இருந்துட்டேன்." சற்று நின்று, "யானை ரொம்ப நேரம் உறுமிக்கிட்டே இருந்துச்சு" என்றாள்.

இரண்டு கண்ணையும் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தும் சின்னவள் கையெட்டும் தூரத்தில் அழுதவளைப் பார்க்கவில்லை. பனிக்கட்டியை எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

பெரியவள் ஒரு துண்டை வாயில் அதக்கிக்கொண்டாள். பிறகு, "கண்ணால கண்டதும் பொய், காதால கேட்டதும் பொய்னு சொல்லுவாங்கள்ல? முதல் பாதி நீ, ரெண்டாவது பாதி நான். மிச்சம் இருக்கிறது தீர விசாரிக்கிறதுதான். போனை எடு" என்றாள்.

"என்னன்னு கேட்கப் போறே?"

"உன்கிட்ட கேட்டதைத்தான்."

அவர் பார்த்திருக்க வேண்டும் என்று சின்னவள் ஒரு கணம் மனதார வேண்டிக்கொண்டாள். பார்த்திருந்தால் அக்கா போய்விடுவாள், போகட்டும். 'உங்க கண்ணு கலங்கியிருந்துச்சே, கேட்கலாமா வேண்டாமான்னு இருந்தேன்' என்று ஒரு வார்த்தை, கூச்ச சுபாவமுள்ள ஓர் ஆளால் சொல்ல முடியாதா என்ன? அவர் ஊர் போய்ச் சேர்கிறவரை காத்திருந்து, கிண்ணத்தில் புதுப் பனிக்கட்டி போட்டுக்கொண்டு, சாயங்காலம் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

"வந்து சேர்ந்துட்டேங்க," என்றது குரல். பின்னால் ஒன்றுமே இல்லை. வண்டிச் சத்தம் இல்லை, மின்விசிறி இல்லை. வீடு போய்ச் சேர்ந்ததும் பெட்டிக்குள் போய்விட்டார் போலிருக்கிறது.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது. சாப்பிடும்போது என் முகம் எப்படி இருந்துச்சு?"

அவர் தயங்கவே இல்லை. "உங்க முகமா? சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கிட்டேதான் சாப்பிட்டேன்."

அழகான வாக்கியம். ஏற்ற இறக்கம் கச்சிதம். பெரியவள் வாயிலிருந்த பனிக்கட்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். டக் என்று சத்தம் கேட்டது. தங்கையின் பக்கம் முகத்தைத் திருப்பி, கோபமே இல்லாமல், மெதுவாக, "ரெண்டு பேரும் ஒரே வசனம்தான் எழுதியிருக்கீங்க" என்றாள். பிறகு தொலைபேசியிடம், "நல்லாப் பேசறீங்க. ஆனா அந்தப் பெரிய வீடு வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள்.

"ஏங்க? நான் ஏதாவது…"

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்க."

அதற்கப்புறம் ஒரு மௌனம். அந்த மௌனத்துக்குள் இத்தனை மாதங்களில் முதல்முறையாக ஒரு சத்தம் வந்தது. நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்து எதிலோ இடித்தது. ஏதோ உருண்டு விழுந்தது. பெரியவள் தலையைச் சட்டென்று சாய்த்தாள். காத்திருந்தாள். சின்னவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இன்னொரு சத்தம் வந்தால் போதும், ஒரு செருமல், ஒரு கெட்ட வார்த்தை, எதுவானாலும்.

"சரிங்க," என்றது குரல், குழைவு மாறாமல். "புரியுது. உடம்பைப் பார்த்துக்கோங்க."

தொடர்பு அறுந்தது. அந்த நாற்காலி வலியில் நகர்ந்ததா, எழுந்து போகிற அவசரத்தில் நகர்ந்ததா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. உலகத்து வாஷிங் மெஷின்களின் முனகலையெல்லாம் பிரித்துச் சொல்கிறவளுக்கு ஒரே ஒரு நாற்காலி பிடிபடவில்லை. சின்னவளோ அதைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் என்ன பார்த்திருப்பாள்?

"தப்புப் பண்ணிட்டேனாடி?"

"தெரியலைக்கா."

"பொய்யாவது சொல்லேன்."

"இன்னிக்கு ஒரு தடவை சொல்லிட்டேன்ல, போதும்."

பெரியவள் சிரித்தாள், நாக்கு எரிய, சிரிப்பைப் பாதியில் விட்டாள். அக்கா போகவில்லை என்பதில் சின்னவளுக்கு வந்திருக்க வேண்டிய நிம்மதி வரவில்லை. அவள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை காலமாயிற்று? இடது புருவத்தில் இரண்டு நரை. மூக்கின் ஓரம் காய்ந்து வெளுத்த கண்ணீர்க் கோடு, இன்னும் துடைக்காமல். உதட்டோரம் பனித்தண்ணீர். கண்ணைப் பார்த்துப் பார்த்து என்ன கண்டோம், விஷயமெல்லாம் கண்ணுக்கு வெளியே அல்லவா இருக்கிறது என்று நினைத்தாள்.

நினைத்தவள் எழுந்து கணினி மேசைக்குப் போனாள். வேறு எதற்கும் இல்லை. கை செய்ய ஏதாவது வேண்டியிருந்தது. கேக் கடைப் படத்தைப் போட்டாள். பெரியவளும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இந்த முறை சின்னவள் கண்களை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தாள். கேக் கடைக்காரனின் முகத்தில் தண்ணீர் வழிந்தது. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது, மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. படப்பிடிப்பு அரங்கத்துக்குள் குழாய் வைத்துக் கொட்டிய மழை. அடுத்து அவள் முகம். அவளைச் சுற்றி மழை கணினியில் வரைந்து சேர்த்தது; அவளை எடுத்தது எங்கோ வெட்டவெளியில், வெயில் நாளில். கன்னத்தில் பவுடர் கலையவில்லை. ஒரு முடிகூட நனையவில்லை. இத்தனை தடவை பார்த்தும் சின்னவள் கண்ணில் படாதது இது.

எழுதினாள். குரல்காரர் இதைப் படிக்க வேண்டியிருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. தானே காட்சியின் மேல் படித்துக் காட்டினாள்.

"அவன் முகம் மழையில் நனைந்திருக்கிறது." காட்சி அவள் முகத்துக்கு வெட்டித் தாவும் இடத்தில் நிறுத்தினாள். "அவள் முகம் உலர்ந்திருக்கிறது."

வயலின் தொடங்கியது. வரி இடைவெளிக்குள் அடங்கி, நேரம் மீதி இருந்தது.

"ஆமாம்," என்றாள் பெரியவள். "இப்பத்தான் ரெண்டு பேரும் எங்க நிக்கிறாங்கன்னு தெரியுது."

இரண்டு பேரையும் ஒரே பார்வையில் சேர்க்கப் பார்த்ததுதான் பிழை. பார்வையைச் சொல்லவே கூடாது. அவன் முகத்தில் இருப்பதை அவன் முகம் தெரியும்போது சொல்ல வேண்டும். வெட்டு விழும் இடத்தில் வாயை மூட வேண்டும். அவள் முகத்தில் இருப்பதை அவள் முகம் வந்த பிறகு சொல்ல வேண்டும்.